மெழுகுத் துணியும் மரபுச் சின்னமும்

பயன்படுபொருள் வேறு, கலைப்பொருள் வேறு என்னும் பாகுபாட்டினைப் பழைய கண்டி நாட்டுக் கம்மியர் அறியார். பாக்குவெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், ஏட்டுச் சட்டம், கதவுத் தாழ் ஆகிய யாவும் அவர் கையில் ஒரே வகைக் கவனத்தைப் பெற்றன. வெற்றிலைப் பையின் ஓரத்தில் ஓடும் கொடிக்கும் விகாரைச் சுவரில் ஓடும் கொடிக்கும் இடையே தரவேற்றுமை கற்பித்தவர் அக்காலத்தில் இலர். இன்று கண்டியின் வாவிக்கரையிலும் பேராதனை வீதியிலும் உள்ள கடைகளை நோக்குவார்க்கு இந்நிலை தலைகீழாய் மாறியிருத்தல் புலனாகும். சின்னங்கள் மிகுந்துள்ளன, அவை எழுதப்பட்ட பொருள்களுக்கோ சுவரில் தொங்குதலன்றி வேறு தொழில் பெரும்பாலும் இல்லை.

இம்மாற்றத்தை ஆராய்வதற்கு ஓர் ஒப்புமை அவுஸ்திரேலியாவிலிருந்து கிடைக்கின்றது. உணவைப் பொதிந்து வைப்பதற்கென அங்கு விற்கப்படும் தேன்மெழுகுத் துணிகளிற் சில, அந்நாட்டுப் பழங்குடி மக்களின் ஓவியங்களைத் தாங்கி வருகின்றன. ஓவியரின் பெயரையும் அவர் ஊரையும் உறையிற் குறித்து, அவர்க்குரிய பங்கினைக் கொடுத்து விற்கப்படுவனவும் உள. புள்ளியும் வளைவும் இட்டுப் பழங்குடிக் கலைபோலத் தோன்றச் செய்தனவும் உள. பாணும் பாற்கட்டியும் பொதியும் ஒரு சிறு துணி கலைத் திறனாய்வுக்கு உரியதாகுமா என வினவுவார் இருக்கலாம். வெற்றிலைப் பை உரியதாயின் இதுவும் உரியதே.

அத்துணியின் அமைப்பு எளிது. பருத்தித் துணியில் தேன்மெழுகை உருக்கிப் பூசுவர். மெழுகு மட்டும் பூசின் துணி விறைத்து வெடிக்குமாதலின், நெகிழ்வுக்கு ஒருவகை எண்ணெயும், ஒட்டும் தன்மைக்கு மரப்பிசினும் சேர்ப்பர். தேன்மெழுகு, குங்கிலியம், எண்ணெய் என்னும் மூன்றின் கூட்டு தமிழ் மருத்துவர்க்குப் புதிதன்று. புண்ணுக்கிடும் களிம்புக்கு அவர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட கூட்டு அதனையே ஒத்தது. கையின் சூட்டினால் துணி இளகிக் கிண்ணத்தின் வாயைப் பற்றிக்கொள்ளும். குளிர்ந்ததும் அவ்வடிவிலேயே நிற்கும். தண்ணீரிற் கழுவி உலர்த்தி ஏறத்தாழ ஓராண்டு வரை பயன்படுத்தலாம்.

ஆயினும், இப்பொருளைக் கண்டி மாநகரின் நண்பகற் சோற்றுப் பொதிக்கு ஏற்றதென ஒருவர் கூறின், அவர் சோற்றையும் அறியார், மெழுகையும் அறியார். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை வெப்பத்தில் உருகுவது. அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றை அதிலிட்டால் மெழுகு சோற்றிற் கலக்கும். மீன் குழம்பின் நாற்றம் துணியில் ஏறினால் வெந்நீரிற் கழுவவும் வழியில்லை. அது குளிர்நாட்டாரின் உலர்ந்த உணவுக்கு எழுந்த பொருள். இந்நாட்டில் அப்பணியை வாழையிலை செய்துவந்தது. வாழையிலையின் மேற்பரப்பில் இயல்பாகவே மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. நெருப்பில் வாட்டும்போது இலை பளபளப்புற்று மடிப்புக்கு இணங்குதலை எல்லா வீட்டுப் பெண்டிரும் அறிவர். கெந்த இலையிற் குரக்கன் மாவைப் பொதிந்து ஹலப்ப அவிக்கும் சிங்களக் கிராமத்தாரும், பனையோலைத் தட்டுவத்தில் உணவு பரிமாறிய யாழ்ப்பாணத்தாரும் இதே அறிவின் வழிவந்தோர். இவ்விலைகளின் இடத்தைப் பொலித்தீன் ‘லஞ்ச் சீற்’ கவர்ந்துகொண்டது. 2017 செப்டெம்பர் முதலாம் நாள் அதனை அரசு தடைசெய்தது. ஆனால் சட்டம் ஒன்றைத் தடுக்குமேயன்றி, விடப்பட்ட பழக்கத்தை மீட்டுத் தருவதில்லை.

தேனும் மெழுகும் உணவைக் காத்தல் பற்றிய பழைய சான்று ஒன்று கண்டி நாட்டிலிருந்தே கிடைக்கின்றது. 1660இற் சிறைப்பட்டு 1679இல் தப்பியோடிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், தம் இறுதிக் காலத்தைக் கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்த என்னும் ஊரிற் கழித்தவர். 1681இல் வெளிவந்த அவர் நூலில் ஈழத்துத் தேனீக்கள் மூவகையினவாகக் கூறப்படுகின்றன. வேடரைப் பற்றி எழுதுமிடத்து, அவர்கள் மரத்தைக் குடைந்து தேன் ஊற்றி, அதனுள் இறைச்சியை நிரப்பிக் களிமண்ணால் வாயடைத்து, பஞ்ச காலத்துக்கென வைத்திருப்பர் என அவர் கூறுகின்றார். மரமே கலம், தேனே காப்பு. இந்நாட்டின் தொல்குடிகள் உணவைப் பேணிய முறையாக எழுத்தில் நிற்கும் அரிய செய்தி இது. அவ்வேடரின் ஓவியங்களும் ஆராயப்பட்டுள்ளன. 1911இல் வெளிவந்த செலிக்மன் இணையரின் நூல், குகைச் சுவர்களில் வேடர் குலப் பெண்டிர் சாம்பலை உமிழ்நீரிற் குழைத்து விலங்குகளையும் மாந்தரையும் வரைந்தமையைக் குறிக்கின்றது. அவ்வடிவங்களை எவரும் இதுகாறும் பெருவணிகப் பொருளாக்கவில்லை. அவை தப்பியமைக்குக் காரணம் மதிப்பன்று, அறியாமையே எனல் தகும்.

பொருளின் பயனும் அதன் அழகும் பற்றி ஈழத்திற் சிந்தித்தோருள் ஆனந்த குமாரசுவாமிக்கு ஒப்பாரைக் காண்டல் அரிது. மண்ணூலாராய்ச்சிக்காக மலைநாடெங்கும் திரிந்த அத்தமிழ்ப் பெருமகன், கற்களைத் தேடிச் சென்ற இடங்களிற் கம்மியரைக் கண்டார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908இல், வில்லியம் மொறிசு பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே 425 படிகளாக அச்சிடப்பட்டது. அவர் மனைவியார் எதெல் கண்டி நாட்டுத் தையல் வேலைப்பாட்டினை உடனிருந்து ஆராய்ந்தார். பின்னாளில் எதெல் மெயிரற் என்னும் பெயரோடு இங்கிலாந்தில் நெசவுக் கலைஞராகப் புகழ்பெற்று, 1916இற் செடிச்சாயங்கள் பற்றி நூலொன்றும் எழுதினார். குமாரசுவாமியின் கொள்கை இதுவே: கலை என்பது ஒரு பொருளைச் செய்யவேண்டிய முறையிற் செய்தல், பயனை நீக்கிவிட்டு அழகை மட்டும் வைத்துக்கொள்ளல் இயலாது. 1815இல் கண்டி அரசு வீழ்ந்தபின், கம்மியரைப் புரந்த கோயிலும் அரண்மனையும் வலியிழக்க, அயல்நாட்டுப் பயணிக்குச் செய்யும் பொருளே எஞ்சிற்று என அவர் வருந்தினார். அக்கொள்கையை நேரே பொருத்திப் பார்ப்பின் வியப்பானதொரு முடிவு கிடைக்கும். அவுஸ்திரேலிய உணவுத் துணி தேர்ச்சி பெறும். கண்டிக் கடையின் சுவர்த் துணி தோல்வியுறும்.

அச்சுவர்த் துணிகளுட் பெரும்பாலானவை பத்திக் முறையில் ஆனவை. பத்திக்கும் மெழுகுத் துணியே. வெண்டுணியில் உருவை வரைந்து, சாயம் ஏறலாகாத இடங்களை உருகிய மெழுகால் மறைத்து, சாயத்தில் தோய்த்து, மீண்டும் மெழுகிட்டு, மீண்டும் தோய்த்து, இறுதியிற் கொதிநீரில் இட்டு மெழுகை அகற்றுவர். தேன்மெழுகு வளைந்துகொடுக்கும்; பரபின் மெழுகு வெடித்துக் கோடுகளை உண்டாக்கும். எதனை எவ்வளவு கலத்தல் என்பதில் தொழிலாளியின் அனுபவம் தெரியும். உணவுத் துணியில் மெழுகு நிலைத்து நிற்கின்றது. பத்திக்கில் அது தன் காவற்பணியை முடித்துக்கொண்டு போய்விடுகின்றது. அது காத்த வெண்மையே சித்திரமாய் நிற்கும். இந்நுட்பம் யாவா நாட்டிலிருந்து ஒல்லாந்தர் வழியாக ஈழத்தை அடைந்ததெனக் கூறுவது வழக்கு. அஃது எவ்வாறாயினும், இன்று ஈழத்தின் மரபுக் கலையென விற்கப்படும் பத்திக்கின் புதுவாழ்வு 1960களில் தொடங்கியது.

அப்புதுவாழ்வுக்குக் காரணராயிருந்தவர் ஏனா த சில்வா. மாத்தளையை அடுத்த அளுவிகாரைக் குடும்பத்தில் 1922இல் தோன்றியவர். மகன் அனில் ஜயசூரியாவையும் ஓவியர் லக்கி சேனாநாயக்காவையும் துணைக்கொண்டு அவர் செய்த துணிகள் பெரிய கட்டடங்களுக்கென எழுந்தவை. ஜெப்ரி பாவா அமைத்த பெந்தோட்டைக் கடற்கரை விடுதியில் அவர் பத்திக் துணிகளாற் கூரையையே அமைத்தார். நிமிர்ந்து நோக்குவார்க்கு அது விகாரையின் ஓவிய விதானத்தை நினைவூட்டும். ஆயினும் எவ்விகாரையின் படியுமன்று. கொடியும் விதானமும் கண்டி மரபிற் பழையன. அவற்றின் தொழிலை அவர் அறிந்து அத்தொழிலுக்கே துணியைத் திருப்பித் தந்தார். பிற்காலத்தில் அளுவிகாரைக்கு மீண்டு, ஊர்ப்பெண்டிரைக் கொண்டு தையலும் பத்திக்கும், இளைஞரைக் கொண்டு மரச்செதுக்கும் பித்தளை வார்ப்பும் நடத்தி, 2015இல் மறைந்தார்.

அவர்க்குப் பின் வந்தோர் துணியை எடுத்துக்கொண்டு தொழிலை விட்டனர். யானை, பெரகரா, கண்டிய நடனர், சந்திரவட்டக்கல் என நான்கைந்து உருவங்களே கடைதோறும் திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றுட் சந்திரவட்டக்கல்லின் கதி தனியே நோக்கற்பாலது. அது படிக்கட்டின் அடியிற் கிடப்பது. கோயிலுக்குள் புகுவோன் கால்வைத்து ஏறவேண்டிய கல். அதன் அரைவட்டம் நிலத்தில் கிடந்து படியை நோக்கியிருத்தலாலேயே பொருளுடையது. அதனை முழுவட்டமாக்கிச் சட்டமிட்டுச் சுவரில் ஏற்றியபோது, மதிப்பு உயர்ந்ததாகச் செய்தோர் எண்ணினர் போலும். காலுக்குரியதைக் கண்ணுக்குத் தந்தமையால் அது வெறும் வட்டமாயிற்று. தரைவிரிப்பில் அதனைப் பொறித்தல் இதனினும் குறைந்த பிழை எனலாம்.

ஆயின் நுட்பம் அயலதாயிருத்தல் குற்றமா எனின், அன்று. இதற்குச் சான்று அவுஸ்திரேலியப் பழங்குடியினரிடமே உண்டு. அவர்களது புகழ்பெற்ற ஓவியங்களிற் சில முதலில் மெழுகுத் துணியில் எழுந்தவை என்பது பலரும் அறியாத செய்தி. தென் அவுஸ்திரேலியாவின் ஏர்ணபெல்லாவில் 1971இற் பெண்கள் பத்திக் கற்றனர். 1975இல் அவருட் சிலர் யாவாவின் யோக்யகர்த்தா சென்று மேலும் பயின்றனர். 1977இல் அந்நுட்பம் நடு அவுஸ்திரேலியாவின் யூட்டோப்பியாவை அடைந்தது. அங்குள்ள பெண்கள் சடங்குக் காலங்களில் மார்பிலும் தோளிலும் எழுதிக்கொண்ட கோடுகளையே மெழுகால் துணியில் எழுதினர். யாவாவின் பூங்கொடிகளை அவர்கள் பின்பற்றவில்லை. எமிலி காமே குங்வாரே என்னும் முதுமகள் பத்தாண்டுக்கு மேலாக அவ்வாறு துணியில் எழுதி, மெழுகைக் கொதிக்கவைத்து அகற்றும் உழைப்பு முதுமைக்கு ஒவ்வாதெனக் கண்டு, 1988 அளவிற் கன்வசுத் துணிக்கும் வண்ணக்குழம்புக்கும் மாறினார். அவர் 1996இல் மறைந்தார். 2007இல் அவர் ஓவியம் ஒன்று பத்து இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் விலைபோயிற்று. யாவாவின் கருவி, யூட்டோப்பியாவின் கை. கருவி எங்கிருந்து வந்தது என்பது அங்கு எவரையும் வருத்தவில்லை, சொல்லப்பட்டது தம்முடையதாயிருந்தது.

வருத்தம் பிறிதோரிடத்தில் எழுந்தது. 1966இல் அவுஸ்திரேலியா வெளியிட்ட ஒரு டொலர் தாளின் பின்புறத்தில் ஆர்ணம் நாட்டு ஓவியர் டேவிட் மலாங்கியின் மரப்பட்டை ஓவியம் அச்சாயிற்று. அவரை ஒருவரும் கேட்கவில்லை. ஓவியர் உயிரோடிருப்பார் என்றுகூட அதிகாரிகள் எண்ணவில்லை. பின்னர் மத்திய வங்கித் தலைவர் ஆயிரம் டொலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிக் கருவிகளும் அளித்து அமைதி தேடினார். 1994இல் வந்த வழக்கு இதனினும் கூர்மையானது. பழங்குடி ஓவியர் பலரின் உருவங்களை உத்தரவின்றி எடுத்து வியட்நாமிற் கம்பளம் நெய்வித்து விற்றனர். அவ்வுருவங்களுள் ஒன்று பாண்டுக் மாரிக்கா என்பாரின் குலத்துக்குரிய புனித நீர்நிலை பற்றியது. அதனை மிதித்துச் செல்லும் நிலைக்குக் காரணமானவரெனத் தம் குலத்தார் தம்மையே பொறுப்பாக்குவர் என்பது அவர் அச்சம். நீதிமன்றம் 1,88,000 டொலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. தனியொருவரின் நட்டத்தோடு நில்லாது குலத்தாரிடை அவர் எய்திய தாழ்வையும் கணக்கிலெடுத்தது. 2019இல், இந்தோனேசியாவிற் செய்த பொருள்களைப் பழங்குடியினர் வேலையெனத் தோன்ற விற்ற பிருபி ஆர்ட் என்னும் நிறுவனத்துக்கு 23 இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. ஆயினும் 2022இல் அந்நாட்டு ஆணைக்குழு ஆராய்ந்தபோது, பழங்குடிக் கலைபோன்ற நினைவுப்பொருள்களுக்கு மக்கள் செலவிடும் பணத்திற் பாதிக்குமேல் போலிகளுக்கே செல்வதாகக் கண்டது.

சந்திரவட்டக்கல்லை மிதித்தல் முறை. மாரிக்காவின் நீர்நிலையை மிதித்தல் கொடுமை. ஆதலின் எச்சின்னத்தை எங்கு வைக்கலாம் என்பதற்குப் பொதுவிதி இல்லை. அச்சின்னத்துக்குரியோரைக் கேட்டறிதல் ஒன்றே வழி. சின்னத்தைப் படிக்கத் தெரியாதார் கையில் அதிகாரம் இருப்பின் என்னாகும் என்பதனைக் கண்டி மாவட்டத்து ஹசலகையில் 2019 மே மாதம் காட்டிற்று. கப்பலின் சுக்கான் சக்கரம் பொறித்த ஆடையணிந்த முஸ்லிம் பெண்ணொருவரை, அது தருமச்சக்கரம் எனக் கொண்டு காவலர் சிறைப்படுத்தினர். அவருடைய உரிமை மீறப்பட்டதெனப் பின்னர் உயர் நீதிமன்றம் தீர்த்தது. சக்கரம் எது, சுக்கான் எது என வேறுபடுத்தவியலாத அளவுக்கு உருவங்கள் மலிந்துபோன ஊரில் இது நிகழ்ந்தமை தற்செயலெனத் தோன்றவில்லை.

கண்டியில் இக்கேள்வி, அஃதாவது சின்னம் யாருடையது என்பது, கேட்கப்படாமலே இருந்துவருகின்றது. அதற்குச் சொல்லப்படும் நியாயம், கண்டிக் கலை பெயரற்றது, ஊருக்கெல்லாம் பொதுவானது என்பது. குமாரசுவாமியின் எழுத்தையே இதற்குத் துணையாக்குவர். பழைய கம்மியன் தன் பெயரைப் பொறிக்க விரும்பவில்லை என அவர் போற்றினார் என்பர். போற்றியது உண்மை. ஆனால் தெகல்தொருவைக் குகைவிகாரையின் பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவரோவியங்களை எழுதியவருள் ஒருவர் தேவரகம்பொல சில்வத்தென்ன என்னும் துறவி என்பதனையும் அவரே தேடி எழுதிவைத்தார். தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தைத் தேவேந்திர மூலாச்சாரி அமைத்தமை ஊரறிந்தது. பெயரைப் பொறிக்காமை வேறு, பெயர் இல்லாமை வேறு. பெயரைப் பொறியாத கம்மியனுக்கு நிலமும் பதவியும் இருந்தன. அவன் குடும்பத்தின் தொழிலுரிமையை ஊர் காத்தது. அக்காப்பினை நீக்கியபின் பெயரின்மையை மட்டும் போற்றுதல், விற்போனுக்கு மிக வசதியான பக்தியாகும்.

தும்பறைப் பாய்களை நோக்குக. மருள்நாரைச் சாயமிட்டு நெய்யும் அப்பாய்கள் கின்னர குலத்தாரின் கைத்தொழில். மானும் மயிலும் நாகமும் மலரும் நேர்கோடுகளாலேயே அமைந்து, தறியின் கட்டுப்பாடே அழகாகி நிற்றலை அவற்றிற் காணலாம். கண்டி வடிவங்களுள் இத்துணைச் செறிவுடையன சிலவே. இவ்வழகைச் செய்தோர்க்குக் கண்டியரசு அளித்த இடம் யாது? நொக்ஸ் பாய் பின்னுவோரைச் சாதிவரிசையின் அடியிற் குறித்து, அவர்கள் தலையில் எதனையும் அணியவும் அனுமதிக்கப்பட்டிலர் என எழுதுகின்றார். இன்று அவ்வுருவங்கள் ‘தும்பறைச் சேலை’ என்னும் பெயரோடு வேறிடங்களில் வேறு தறிகளில் நெய்யப்பட்டு மணவிழாக்களில் அணியப்படுகின்றன. பத்திக்கிலும் அச்சுத் துணியிலும் மேசைவிரிப்பிலும் வருகின்றன. குலத்தின் பெயரைக் கூறத் தயங்குவோரும் அதன் மானையும் மயிலையும் அணியத் தயங்குவதில்லை. அணிவோர் யாவரையும் குறைகூறல் நேர்மையன்று. அவர்க்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர் விற்போர். 1882இல் தொடங்கிய கண்டிக் கலைச்சங்கம் முதலாக, 2020இல் பத்திக்கினையும் கைத்தறியையும் பெயரிற் கொண்டெழுந்த இராசாங்க அமைச்சு ஈறாக, கைவினையைப் பேண அமைந்தவை பல. விற்பனையைப் பெருக்குதலில் அவை காட்டிய ஊக்கம் உரியோரைக் குறிப்பதிற் காணப்படவில்லை.

ஒரு நூறு ரூபாப் பொருளுக்கு இத்துணை ஆராய்ச்சியா எனச் சிரிக்கும் வணிகருக்கு, மெல்பேணிற் பாண் பொதியும் துணியின் ஓரத்தில் ஒரு மூதாட்டியின் பெயர் இருத்தலைக் காட்டலாம். ஓர் அங்குலத் துணியில் அது அடங்குகின்றது. 2021இல் யுனெசுக்கோவின் பட்டியலில் தும்பறை ரட்டா கலால சேர்க்கப்பட்டபோது, அதனைப் பேணிவந்தோர் கின்னர மக்கள் என்பதும் உடன் எழுதப்பட்டது. குண்டசாலைப் பக்கத்து ஹேனாவலையில் ஒருசில குடும்பங்கள் இன்றும் நாரைச் சீவி, வெண்மை தெளியுமளவும் கழுவி, தறியில் ஏற்றுகின்றன. அங்கிருந்து கண்டிக் கடைத்தெரு நெடுந்தொலைவன்று. பாய் அங்கு வந்துசேர்கின்றது, நெய்தோரின் பெயர் வழியிலேயே நின்றுவிடுகின்றது.